வெளிநாட்டுச் சபையோடு சரிசமமான உறவு: சேகரங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சேகரத்துக்கும் (ஒரே குருவானவரின் கீழ் இருக்கும் சில ஆலயங்களைச் சேர்த்து அப்படிச் சொல்வோம்) இங்கிலாந்தில் உள்ள ஒரு சிற்றூர்ச் சபைக்கும் பதினோரு வருடமாகத் தொடர்பு இருக்கிறது. அதற்கென்று போட்ட கமிட்டியில் ஆரம்பத்திலிருந்தே நானும் இருக்கிறேன். இதைக் கேள்விப்பட்டு, பக்கத்துச் சேகரங்களிலிருந்து அவ்வப்போது யாராவது போன் செய்வார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்களுக்கும் ஒரு வெளிநாட்டுச் சபை கிடைக்குமா?" அந்தக் 'கிடைக்குமா'வில்தான் பாதிச் சிக்கல். அதற்குப் பிறகு வரும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பணம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் எப்படிச் சமமாக முடியும்?

பணத்தில் ஆக முடியாது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் பாரம் இறங்கிவிடும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வாங்குகிற பக்கம் "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் உறவு நிற்கிறதா?

இரண்டாவது வருடம் அவர்களுடைய வாலிபர் குழு ஒன்று வந்து எங்கள் ஞாயிறு பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்துத் தருவதாக எழுதினார்கள். எங்கள் சபையிலேயே பெயிண்ட் வேலை செய்கிறவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். கமிட்டியில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "மிகுந்த சந்தோஷம், வரவேற்கிறோம்" என்று பதில் போயிற்று. அவர்கள் வந்தார்கள், வெயிலில் வாடி வதங்கி அடித்தார்கள், போனார்கள். ஐப்பசி மழையில் சுவர் உரிந்தது. எங்கள் ஆட்களே சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு முறை பழைய கம்ப்யூட்டர்களைக் கப்பலில் அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். சுங்க வரியையும் துறைமுக அலைச்சலையும் கணக்குப் போட்டால் இங்கே புதிதாகவே வாங்கிவிடலாம். "வேண்டாம்" என்று ஒரு கடிதம் எழுத எங்களுக்கு மூன்று கூட்டம் பிடித்தது. ஒருவர் "மனம் வருந்துவார்களே" என்றார். இன்னொருவர் "இதோடு எல்லாம் நின்றுவிடும்" என்றார். கடைசியில் அனுப்பினோம். நான்கு நாளில் பதில் வந்தது: நல்ல வேளை சொன்னீர்கள், சரி, எது உபயோகப்படும்? என்னைக் கேட்டால் எங்கள் தோழமை அந்தக் கடிதத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வருடம் நடந்தது உபசாரம்.

'சமம்', 'பங்காளர்' எல்லாம் இப்போது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த புதுப் பேச்சுதானே?

இல்லை. அவர்கள் காதில் விழும்படி அதை எடுத்துச் சொன்னவர் நம் ஊர்க்காரர். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்குப் போனார். சுமார் 1,200 பிரதிநிதிகள் கூடிய இடத்தில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூடக் கிடையாது. அவருக்கு வயது 35. வெளிநாட்டு மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையில் நட்பு பெரும்பாலும் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு பட்டியலிட்டார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பு இல்லாவிட்டால் இவையெல்லாம் வீண் என்று சொல்லும் பைபிள் பகுதியான 1 கொரிந்தியர் 13-ஐ மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு அந்த வரி எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்டவர்களில் பலருக்குக் கோபம் வந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த மேடை ஏறுவதற்கு ஏழு வருடம் முன்பே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்று தொடங்கிய சங்கம் அது, ஊழியம் தெலுங்கு நாட்டில். கையில் அப்படி ஒரு வேலை இருந்ததால்தான் "நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்கும்போது கெஞ்சல் தொனி வரவில்லை என்று நினைக்கிறேன். 1912-இல் தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சபையின், முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

அதற்குப் பிறகு எதாவது மாறியதா, பேச்சோடு சரியா?

மெதுவாக மாறியது. சில இடங்களில் அமைப்பையே மாற்றினார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான், ஏனென்றால் நல்ல மனசு ஆளோடு போய்விடும், விதி அடுத்த ஆளுக்கும் நிற்கும்.

1795-இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் திருவிதாங்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, 'எல்.எம்.எஸ்.' என்றால் போதும். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக லண்டன் கமிட்டி முடிவு செய்யும், மற்றவர்கள் பெற்றுக்கொள்வார்கள். 1977-இல் அதன் வாரிசான உலக மிஷன் கவுன்சில் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. ஒரு காலத்தில் மிஷனரிகளைப் பெற்ற சபைகளும் அனுப்பிய சபைகளும் ஒரே மேஜையில் உறுப்பினர்கள் ஆயின. நம் தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) உண்டு. பொது நிதியை எப்படிச் செலவழிப்பது என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பிரிட்டன் சபைகளுக்கும் ஆள் தேவை என்றால் கேட்கலாம், ஆசியாவிலிருந்தோ பசிபிக் தீவிலிருந்தோ ஊழியர் போவார். 2012-இல் தலைமை அலுவலகமே லண்டனை விட்டு சிங்கப்பூருக்கு வந்துவிட்டது.

பிரான்சில் பாரிஸ் மிஷன் சங்கம் 1971-இல் தன்னையே கலைத்துவிட்டு, ஆப்பிரிக்க, பசிபிக் சபைகளோடு ஒரே சமூகமாக மாறியது. ஜெர்மனியின் வுப்பர்டால் மிஷன் 1996-இல் ஆப்பிரிக்க, ஆசிய, ஜெர்மன் சபைகளின் கூட்டமைப்பானது. இலங்கை மெதடிஸ்த திருச்சபையும் அதில் இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் திடீரென்று ஞானம் பெற்றுவிடவில்லை. கென்யா பிரஸ்பிட்டேரியன் சபையின் ஜான் காட்டு 1971-இல் அமெரிக்காவில் நின்றுகொண்டு, குறைந்தது ஐந்து வருடத்துக்கு எங்களுக்கு மிஷனரிகளும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்றார். 1974-இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடு அந்தக் குரலை எடுத்துக்கொண்டது. வரவு நின்றுபோகவில்லை, ஜான் காட்டு கேட்டபடி எல்லாம் நடக்கவும் இல்லை. ஆனால் வாங்குகிறவன் "வேண்டாம்" என்றும் சொல்லக்கூடும் என்பது அனுப்புகிறவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே நான் சொன்ன கம்ப்யூட்டர் கடிதம் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது? ஜெபமும் பாட்டும்தானே?

இதைக் கேட்பவர்கள் தாழ்மையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் தகவல் தவறு. ஆராதனையில் "சமாதானம்" சொல்லி ஒருவர் கையை ஒருவர் பற்றுகிறோமே, இன்று இங்கிலாந்து சபைகளிலும் செய்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் படித்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, 1950-இல் வெளிவந்த அதன் திருவிருந்து ஆராதனை முறை, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் மரபில் இருந்த இந்தக் கை பற்றும் வழக்கத்தைச் சபையார் எல்லோருக்கும் கொண்டுவந்தது. மேற்கத்திய சபைகள் பின்னால் தங்கள் ஆராதனையைத் திருத்தியபோது பார்த்துப் படித்த முன்மாதிரிகளில் அது ஒன்று.

மிசோரத்தையும் பாருங்கள். 1897-இல் வேல்ஸ் மிஷனரி வந்து சேர்ந்த மலை. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து அதில் ஊழியம் தாங்குகிற சபை. நம் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கைப்பிடி அரிசி போலத்தான், ஆனால் அவர்கள் அதை விடாப்பிடியாகச் செய்கிறார்கள். இந்த நூற்றாண்டில் அந்த மிசோ சபை வேல்ஸுக்கே ஊழியரை அனுப்பியது.

வெளிநாடு என்றால் ஐரோப்பா, அமெரிக்கா மட்டும்தானா?

எனக்கும் இதே கேள்வி உண்டு. யாழ்ப்பாண ஆதீனம் (பேராயரின் மண்டலத்தை அங்கே அப்படிச் சொல்வார்கள்) நம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. 1816 முதல் அங்கே வேலை செய்த அமெரிக்க மிஷனின் வழி வந்தது. மானிப்பாயில் டாக்டர் கிரீன் மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்றுக்கொடுத்த பூமி. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, பாட்டுப் புத்தகம்கூடப் பெரும்பாலும் புரியும். இருந்தும் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சபையோடு தோழமை வைத்திருக்கும் சேகரத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சபை அல்லாத உள்ளூர் அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

வேலை ஊருக்கானது என்றால் கட்டாயம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் உதவி வந்தது, சபைகள் வழியாகவும் வந்தது. பழைய துணி ரோட்டோரம் மலைபோலக் கிடந்தது, தொட ஆளில்லை. மீனவர்களுக்குப் புடவைதான் வேண்டும் என்றோ கம்பளிச் சட்டைதான் வேண்டும் என்றோ யாரும் கேட்டிருக்கவில்லை. ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் வந்து இறங்கின. படகு கொடுப்பது போட்டோவுக்கு அழகு. ஆனால் படகு அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கடலோடக் கூலிக்கு ஆள் எங்கே? மீன் எங்கே?

அங்கே எதைக் கொடுத்தாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகத்தான் போகும். அதைத் தெரியாமல் உள்ளே வந்த வெளிநாட்டுக் குழு முழிக்கும். தெரிந்து, பஞ்சாயத்தை மட்டும் நம்பிய குழுவுக்கு வேறு சங்கடம்: மீன் விற்கிற விதவைப் பெண்கள், கடலுக்குப் போகாத தலித் கூலிக் குடும்பங்கள், உப்பளத்து ஆட்கள் எல்லாம் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க மீனவர் கூட்டுறவு அமைப்புகளும் பெண்கள் சங்கங்களும் தேவைப்பட்டன. சபை எண்ணிக்கையில் சிறியது, சபைப் பதிவேட்டில் ஊரில் பாதிகூட இருக்காது. ஆகவே இந்து, முஸ்லிம் அண்டை வீட்டார் நடத்துகிற சங்கத்தையும் ஆரம்பக் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும். முடிவு எடுத்துவிட்டு "ஒத்துழைப்புத் தாருங்கள்" என்று போய் நிற்பது, வெளிநாட்டார் நமக்குச் செய்ததையே நாம் அவர்களுக்குச் செய்வது.

அவர்கள் பணம் அனுப்பினால் எந்தக் கணக்கில் வாங்குவது? ஐயாவின் கணக்கில் வாங்கலாமா?

வாங்கவே கூடாது. குருவானவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் எப்.சி.ஆர்.ஏ., 2010-ஆம் வருடத்தது. 2020-இல் திருத்தம் வந்து இன்னும் இறுகிவிட்டது. பதிவு பெற்ற அமைப்பு டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென்று கணக்கு வைத்து, பணத்தை முதலில் அங்கேதான் வாங்க வேண்டும். வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 வரை போகலாம். ஒவ்வொரு நிதியாண்டின் கணக்கையும், அது மார்ச்சில் முடிந்த பிறகு வரும் டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பதுதான் சின்ன அமைப்புகளுக்கு விழுந்த பெரிய அடி. முன்பெல்லாம் பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்துச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். இப்போது அந்த வாய்க்கால் அடைந்துவிட்டது. வெளிநாட்டுச் சபைக்கு இதை ஆரம்பத்திலேயே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் "நாங்கள் கொடுக்கத் தயார், நீங்கள் வாங்கத் தயங்குகிறீர்கள்" என்று குழம்புவார்கள்.

அடிக்கடி வரும் கிளைக் கேள்வி: துபாயில், லண்டனில் இருக்கிற நம் ஆட்கள் கொடுப்பது? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால், அவர் நம் ஊரில் ஞானஸ்நானம் பெற்றவராகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பணம்தான். விருந்தினர் கையில் ரொக்கமாகத் திணித்துவிட்டுப் போவதும் அப்படியே. ஆடிட்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

அங்கிருந்து வருகிறவர்களைப் பிரசங்கம் செய்யச் சொல்லலாமா?

எல்லோரும் செய்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்: சுற்றுலா விசாவில் வந்தவர் ஆலயத்துக்கு வந்து ஆராதனையில் உட்காரலாம், பிரசங்க பீடத்தில் ஏறிப் பேசுவது விசா விதிக்கு மாறு. மாட்டிக்கொண்டால் திண்டாட்டம் விருந்தாளிக்கு.

விசாவை விட்டாலும், எங்களுக்கு வேறு காரணமும் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் வந்ததும் பொன்னாடை, மாலை, மேளம், முன் வரிசை நாற்காலி, பிரசங்கம், அசனத்தில், அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், தனிப் பந்தி. இதையெல்லாம் செய்துவிட்டு அடுத்த நாள் கமிட்டியில் உட்கார்ந்து "நாம் சமம்" என்று பேசினால் யார் நம்புவார்? இப்போது வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து எல்லோரோடும் இலையில் சாப்பிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மேடையில் மாலையோடு நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நம் பக்கத்திலிருந்து யார் போவது?

சண்டை வரும் இடம் இது. எங்கள் ஏற்பாடு: ஒரு முறை போனவர் மறுபடி போகக் கூடாது, பாதிப் பேர் பெண்கள், ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழ். விசா மறுக்கப்படும் என்பதையும் எதிர்பாருங்கள். அவர்கள் ஆறு பேர் கேட்டவுடன் வந்துவிடுவார்கள், நம்மில் நான்கு பேர் விண்ணப்பித்தால் வங்கிக் கணக்கையும் நிலப் பத்திரத்தையும் காட்டி இரண்டு பேர் போவார்கள். இதை அவர்கள் சபைக்கும் எழுதித் தெரிவித்தோம். அந்த ஊர் எம்.பி.யிடம் அவர்களே போய்ப் பேசினார்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டுமா? சகோதரர்களுக்குள் என்ன பத்திரம்?

சகோதரர்களுக்குள்தான் பத்திரம் வேண்டும், சொத்துத் தகராறு பார்த்த யாரையும் கேளுங்கள். எங்களுடையது இரண்டு பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை முடிந்துபோகும், வேண்டுமென்றால் புதுப்பிக்கலாம். முடிவுத் தேதி இருப்பதால் வேண்டாத உறவை யாரும் மரியாதைக்காக இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கூட்டத் தலைமை மாறி மாறி வரும். ஒரு வேலையைத் தொடங்கும் யோசனை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அது நடக்கப்போகிற ஊரார் சம்மதம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று ஒரு வரி. பிள்ளைகளின் படத்தைப் பெயரோடு போடக் கூடாது, அழுகிற படம் கூடவே கூடாது என்று இன்னொரு வரி.

கணக்குக் கேட்கிறார்களே, நம்மை நம்பவில்லையா?

கணக்குக் கொடுங்கள், ரசீதோடு கொடுங்கள், கேட்பதற்கு முன்பே கொடுங்கள். அப்புறம் அவர்களிடமும் கேளுங்கள். எங்கள் பெயரைச் சொல்லி உங்கள் சபையில் எவ்வளவு வசூலானது? அதில் எவ்வளவு உங்கள் பயணச் செலவுக்குப் போனது? நாங்கள் முதல் முறை இதைக் கேட்டபோது அவர்கள் பொருளாளர் கொஞ்சம் திகைத்தார். அடுத்த மாதம் ஒரு பக்கத் தாள் வந்தது. இப்போது வருடா வருடம் வருகிறது. அவர்கள் வருடாந்தரக் கூட்டத்திலேயே அந்தத் தாளை வாசிக்கிறார்களாம், முன்பு வாசித்ததில்லை.

இங்கிலீஷ் தெரிந்தவர்களே எல்லாம் பேசுகிறார்கள், என்ன செய்வது?

மொழிபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்குங்கள், ஒரு மணி நேரக் கூட்டத்தை இரண்டு மணி நேரமாக்குங்கள். இங்கிலீஷ் பேசுகிறவர் சொல்வதே சேகரத்தின் குரலாகிவிட்டால், சமத்துவம் கடல் தாண்டும் முன்பே நம் ஊரிலேயே செத்துவிடும்.

இதெல்லாம் நாம் வடக்கே அனுப்புகிற மிஷனரி வேலைக்கும் பொருந்துமா?

இந்தக் கேள்வியை ஒருவர்தான் கேட்டார், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர். பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் காணிக்கையில் ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் ஊழியம் நடக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் படத்தை நம் மாத இதழில் போடுகிறோம். அவர்கள் என்ன பாட்டுப் பாட வேண்டும் என்பதுவரை நாம் சொல்கிறோம். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இரண்டு பேரை வரவழைத்து மேடையில் சாட்சி சொல்ல வைக்கிறோம். 1910-இல் அசரியா எதைப் பார்த்துப் பேசினாரோ அதில் கொஞ்சம் நம் கையிலும் ஒட்டியிருக்கிறது. போன வருடம்தான் அங்கே உள்ள சபை மூப்பர்களுக்கு எழுதி, எங்கள் ஆட்கள் இன்னும் எத்தனை வருடம் அங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டோம். பதில் வந்துவிட்டது. கமிட்டியில் இன்னும் வாசிக்கவில்லை.

அந்த இங்கிலாந்து சபை இப்போது எப்படி இருக்கிறது?

ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். நான்கு ஊருக்குச் சேர்த்து ஒரே குருவானவர் என்று ஆக்கிவிட்டார்கள், பெரும்பாலான ஞாயிறுகளில் குருவானவர் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் எங்களிடம் கேட்டார்கள்: உங்கள் சேகரத்தில் ஒன்பது ஆலயத்துக்கு ஒருவர்தானே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. ஊருக்கு ஊர் உபதேசியார் இருக்கிறார், காலையும் மாலையும் மணி அடித்து ஜெபம் நடத்துகிறார், வீடு சந்திக்கிறார், அடக்க ஆராதனைக்கு முதலில் வந்து நிற்கிறார். அதை வந்து சொல்லுங்கள் என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் மேலூர் உபதேசியார் வீடியோவில் அவர்களோடு பேசப் போகிறார். அவருக்கு இங்கிலீஷ் வராது. காலேஜில் படிக்கிற மகள் மொழிபெயர்க்கிறாள். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டு நேற்று அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார், கையில் ஒரு நோட்டு. நாற்பது பக்கம் நோட்டில் பன்னிரண்டு பக்கம் ஏற்கெனவே எழுதிவிட்டார்.